எண்ணத் தெரிந்தால் போதுமா?

மே தினச் சிறப்புப் பட்டிமன்றம், ஓசூர்
தலைப்பு: உலகை நடத்தும் தலைமைக்கு உயிர்நாடி அறிவாற்றலே! அறவுணர்வே!
'அறவுணர்வே' அணியில் ஆற்றிய உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் நன்றாகப் பேசி, என் பாட்டைத் திண்டாட்டமாக்கிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! முதல் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், 'இவரு எப்ப முடிப்பாரு, எப்ப சாப்பாடு போடலாம்' என்று காத்திருக்கும் தாய்மார்களே! (கைதட்டல்)

ஓசூரில் பேசுவதென்றால் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்த மாவட்டத்தில் 27 வருஷமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற வழியில் ஒரு டீக்கடை. ஒருவர் தமிழில் டீ கேட்டார். மாஸ்டர் தெலுங்கில் 'சர்க்கரை போடவா' என்றார். கல்லாவில் இருந்தவர் கன்னடத்தில் காசு கேட்டார். மூணு மொழியிலயும் டீ விலை மட்டும் ஒண்ணாத்தான் இருந்தது! (சிரிப்பு) இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, இங்கிருந்து கூப்பிடு தூரம். தலைமை என்றால் என்ன என்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

நடுவர் அவர்களே, எதிரணித் தங்கை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். 'அறம் சோறு போடுமா? ராகியும் மாமரமும் மட்டுமே இருந்த இந்த ஓசூருக்குச் சோறு போட்டது யாரு? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள்தானே?' என்று கேட்டார். நான் மறுக்கமாட்டேன். மறுத்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன். 1980 இல் இந்த ஊரிலிருந்து டிவிஎஸ் 50 புறப்பட்டது. அது வந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஆசிரியர்களும் பால்காரர்களும் பூக்காரர்களும் மிதிவண்டியை விட்டு இறங்கினார்கள். நானே என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, மேட்டில் அது ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, வண்டியை இறக்காமல் மனைவியை இறக்கியவன். (சிரிப்பு) அதே 1980 இல் அசோக் லேலண்ட் வந்தது. அடுத்து டைட்டன் வந்தது. ஆகவே அறிவாற்றலை நான் குறை சொல்ல வரவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வண்டி ஓட அறிவு வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். வண்டிச் சக்கரத்தில் யாராவது அகப்பட்டுக்கொண்டால் நிறுத்துவதற்கு எது வேண்டும்?

1971 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கே தமிழ்நாட்டில் 'சிப்காட்' நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பேட்டைதான் ஓசூரைத் தொழில் நகரமாக்கியது. அங்கே சுவிட்சர்லாந்தில், டாவோஸ் என்ற பனிமலை ஊரில், கிளாஸ் ஷ்வாப் என்ற பேராசிரியர் ஐரோப்பியக் கம்பெனித் தலைவர்களைக் கூட்டிவைத்து ஒரு மாநாடு நடத்தினார். அதுதான் பின்னாளில் உலகப் பொருளாதார மன்றம் என்று பெயர் மாறியது. நாட்டுத் தலைவர்களும் கம்பெனித் தலைவர்களும் தொழில்நுட்ப மேதைகளும் கூடிப் பேசுகிற இடம். கூடிப் பேசுவது தப்பா? தப்பே இல்லை. நாமும் இங்கே கூடித்தானே பேசுகிறோம்! ஆனால் ஒரு வித்தியாசம். நாம் இங்கே என்ன பேசினாலும் டாவோஸில் ஒரு இலைகூட அசையாது. அங்கே போகிறவர்கள் தங்கள் ஆபீசில் ஒரு முடிவெடுத்தால், ஓசூரில் ஒரு வீட்டில் அடுப்பு எரியலாம், அணையலாம். நாட்டுத் தலைவரையாவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நம் வாசலுக்கு வரவழைக்கலாம். இந்தக் கம்பெனித் தலைவர்களுக்கு நாம் ஓட்டுப் போடவில்லை. அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் அவர்களுக்குத் தெரியாது.

முகம் தெரியாவிட்டால் என்ன தெரியும்? எண் தெரியும்! அங்கேதான் சிக்கல்.

தமிழில் ஒரு அழகான சொல் இருக்கிறது நடுவர் அவர்களே. 'எண்ணுதல்'. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவதும் எண்ணுதல்தான். 'அவன் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பார்' என்று சொல்கிறோமே, அதுவும் எண்ணுதல்தான். கணக்குக்கும் கருணைக்கும் ஒரே சொல்லை வைத்தார்கள் நம் முன்னோர். இன்றைய உலகத் தலைமைக்கு முதல் எண்ணுதல் அபாரமாக வருகிறது. இரண்டாவது எண்ணுதல் மறந்து போய்விட்டது. இதுதான் எங்கள் அணியின் வழக்கு. (கைதட்டல்)

எண்ணிக்கையில் கெட்டிக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ராபர்ட் மக்னமாரா. அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் கம்பெனிக்கு 1960 இல் தலைவரானவர். புள்ளிவிவரப் புலி. அடுத்த வருஷமே அவரை நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் ஆக்கினார்கள். வியட்நாம் போரை எப்படி அளந்தார்கள் தெரியுமா? எதிரிப் பிணங்களை எண்ணி! இத்தனை பிணம் என்றால் இத்தனை வெற்றி. கணக்கு ஜெயித்துக்கொண்டே இருந்தது. போர் தோற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் 1995 இல், வயது எழுபதைத் தாண்டிய பிறகு, தாங்கள் செய்தது பெரும் தவறு என்று அவரே புத்தகம் எழுதினார். அறிவு குறைவா அவருக்கு? இல்லை. அந்த ஊர்க்காரனின் மனசு என்ற ஒன்று அவர் கணக்குப் புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவ்வளவுதான்.

எதிரணி நண்பர், அவர் ஒரு பொறியாளர், 'இந்தக் காலத்தில் டேட்டாதான் தலைவன்' என்றார். சரி. டேட்டா என்றால் என்ன? தகவல். அரசன் தகவல் திரட்டுவதற்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். 'ஒற்றாடல்'. 59 ஆவது அதிகாரம். ஆகா, வள்ளுவரே எங்கள் அணி என்று கைதட்டிவிடாதீர்கள். அதற்கு முந்தின அதிகாரம் எது? 58 ஆவது அதிகாரம், 'கண்ணோட்டம்'! கண்ணோட்டம் என்றால் எதிரே நிற்கிறவனைப் பார்த்ததும் உள்ளே சுரக்கிற இரக்கம். முதலில் இரக்கத்தைக் கற்றுக்கொள், பிறகு தகவல் திரட்டு என்று வரிசை வைத்தார் வள்ளுவர். இன்று 58 ஐ விட்டுவிட்டு நேரே 59 க்குத் தாவிவிட்டார்கள் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

தாவியதால் என்ன ஆகிறது? என் மாணவி ஒருத்தி. சூளகிரிப் பக்கம் ஒரு சின்ன கிராமம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை. ஒருநாள் சாயங்காலம் அத்திப்பள்ளி பஸ் நிறுத்தத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். பின்னால் லாரி சத்தம். 'சார், இன்னிக்குக் காலைல கார்டைக் காட்டினேன். கதவு திறக்கல' என்றாள். மிஷின் ரிப்பேராயிருக்கும்மா என்றேன். 'இல்ல சார். மறுபடி மறுபடி காட்டினேன். அப்புறம் செக்யூரிட்டி அண்ணன் சொன்னாரு, மெயில் வந்திருக்கான்னு பாரும்மான்னு. பாத்தேன். என் வேலை போயிருச்சு சார்' என்றாள். நான் என்னம்மா சொன்னாங்க என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. 'யாருமே எதுவும் சொல்லல சார். கதவுதான் சொல்லிச்சு.'

காலையிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. 'அப்பாகிட்ட எப்படி சார் சொல்றது?' என்று கேட்டாள். 27 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

'இது எங்கேயோ ஒரு கம்பெனியில் நடந்தது' என்பீர்கள். 2023 ஜனவரி 20. கூகுள் கம்பெனி உலகம் முழுவதும் சுமார் 12,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. அறிவித்தது எப்படி? மின்னஞ்சலில்! அமெரிக்காவில் பலருக்கு, ஆபீஸ் கணினிக்குள் நுழைய முடியாமல் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. அந்தக் கம்பெனித் தலைவர் யார்? நம்ம சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்து, உலகம் மெச்ச உயர்ந்த பிள்ளை. அவர் பெயரைச் சொல்லி எத்தனை பள்ளிக்கூட விழாக்களில் நானே கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'இதற்கு முழுப் பொறுப்பு நான்' என்று அந்தக் கடிதத்திலேயே எழுதினார். நல்ல வார்த்தை. ஆனால் பொறுப்பு என்றால் என்ன? வேலை போனது அவர்களுக்கு. அதற்கு முந்தின 2022 ஆம் வருஷத்துக்கு அவருக்குக் கணக்கிடப்பட்ட ஊதியம் சுமார் 22 கோடியே 60 லட்சம் டாலர். பெரும்பகுதி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தரப்படும் பங்குகள்தான், நியாயத்துக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நடுவர் அவர்களே, சுமையை ஒருவர் தலையில் வைத்துவிட்டுப் பொறுப்பை இன்னொருவர் நாக்கில் வைத்துக்கொள்வதா தலைமை?

திருவாரூரில் ஒரு கல்தேர் இருக்கிறது. கதை உங்களுக்குத் தெரியும். கன்றின் மேல் தேர் ஏறியது. தாய்ப்பசு வந்து மணியடித்தது. மனுநீதிச் சோழன் விசாரணைக் குழு போட்டானா? 'தேர் ஓட்டுநர் ஒப்பந்த ஊழியர், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்றானா? (சிரிப்பு) தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அவ்வளவு கடுமையாக யாரும் இருக்க வேண்டாம். ஆனால் முடிவின் சூடு முடிவெடுத்தவனையும் கொஞ்சம் சுட வேண்டாமா? 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு. ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் வந்தார். கைது செய்தார்கள். ஜாமீனில் வெளியே வந்து அமெரிக்கா போனார். 2014 இல் 92 வயதில் இறந்தார். இந்திய நீதிமன்றத்துக்கு அவர் திரும்பி வரவே இல்லை. சோழன் காலத்துப் பசுவுக்குக் கிடைத்த மணிக்கயிறு, இருபதாம் நூற்றாண்டு மனிதனுக்குக் கிடைக்கவில்லையே ஐயா!

சரி, கொஞ்சம் சிரித்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரந்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வியும் கேட்டார். நான் இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: 'அவரு சொல்றது சரிதான். பாத்துக்கிட்டே உட்கார வேண்டாம். எந்திரிச்சு வந்து வெங்காயம் நறுக்கச் சொல்லுங்க.' (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. இவர்கள் கெட்டவர்கள் அல்ல. தாங்களும் அப்படி உழைத்தவர்கள்தான். ஆனால் தலைவர் 90 மணி நேரம் உழைத்தால் கம்பெனி அவருடையது. ஷிப்டில் நிற்கிற பெண் 90 மணி நேரம் உழைத்தால் முதுகுவலி மட்டும்தான் அவளுடையது. வீட்டுக்கு வந்தால் அவளுக்கு இன்னொரு ஷிப்ட் காத்திருக்கிறது. அதற்கு ஓவர்டைமும் கிடையாது, லீவும் கிடையாது.

இந்தப் பேச்சு மேடையோடு நிற்பதில்லை, சட்டமாகவும் வருகிறது. 2023 பிப்ரவரியில் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகச் சட்டமன்றத்தில், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. ஏப்ரல் 21 ஆம் தேதி இந்தப் பக்கம், நம் சட்டமன்றத்திலும் அதுபோல் ஒன்று நிறைவேறியது. 'வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, தொழிலாளி விரும்பினால்தான்' என்று விளக்கம் சொன்னார்கள். கம்பெனி விரும்பும்போது தொழிலாளி விரும்பாமல் இருக்க முடியுமா? (கைதட்டல்) கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் எழுந்தன. மே மாதம் முதல் தேதி, இதே உழைப்பாளர் திருநாளில், அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்படுகிறது என்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள்! ஏன் முடிந்தது? சட்டமன்றத்துக்கு வாசல் இருக்கிறது. போய்த் தட்டலாம். தட்டினால் திறக்கும், இல்லையென்றால் அடுத்த தேர்தலில் அவர்களுக்குத் திறக்காது. ஆனால் உலகத்தின் மறுகோடியில் உட்கார்ந்து 'எங்களுக்கு இப்படித்தான் வேண்டும்' என்கிறவரின் வாசல் எங்கே? ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் நின்று தேடினால் தெரியுமா?

வாசல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ரோட்டுக்கு வருவார்கள். நம் ஊர் வழியாக ஓடுகிறதே சென்னை பெங்களூர் நெடுஞ்சாலை, அதே சாலையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், 2021 டிசம்பரில் பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிற பிள்ளைகள். விடுதிச் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில். தோழிகளுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் தவித்த பிள்ளைகள் சாலையை மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவில் இருக்கிற ஆப்பிள் கம்பெனி, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று சொல்லி ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 இல்தான் ஆலை திறந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் போனில் ஒரு திருகு தலைமுடி அளவு தப்பாக இருந்தால் உடனே கண்டுபிடிக்கிற அறிவு அவர்களிடம் இருக்கிறது. அதைப் பூட்டுகிற பிள்ளையின் தட்டில் சோறு கெட்டிருப்பதைக் கண்டுபிடிக்க, அவள் நெடுஞ்சாலையில் உட்கார வேண்டியிருந்தது! (நீண்ட கைதட்டல்) உட்கார்ந்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைத் தமிழ்நாடு அரசு திறந்தது. ஆனால் அந்தப் புத்தி முன்னாலேயே வந்திருந்தால், அதற்குப் பெயர்தான் அறவுணர்வு.

நம் ஆற்றைக் கொஞ்சம் பாருங்கள். தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, பெங்களூர் ஓரமாக வந்து, நம் கெலவரப்பள்ளி அணையில் விழுகிறது. மழைக்காலத்தில் அணையில் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். விவரம் தெரியாத குழந்தை 'அப்பா, பனி' என்று கைதட்டும். அது டாவோஸ் பனி இல்லை கண்ணு, பெங்களூர் நுரை! பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றில் சேருகிறது. பெல்லந்தூர் ஏரியைச் சுற்றித்தான் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிற கண்ணாடி மாளிகைகள். 2017 இல் அந்த ஏரி தீப்பிடித்தது. 2018 இல் மறுபடி தீப்பிடித்தது. தண்ணீர் தீப்பிடித்து எரிந்ததையா! கழிவு எல்லாருடையதும்தான். வழிசெய்ய வேண்டியது அரசும் மாநகராட்சியும்தான். ஆனால் செவ்வாய்க் கிரகத்தில் குடியேறுவது பற்றிப் பேசுகிற காலத்தில், ஜன்னலுக்கு வெளியே எரிகிற ஏரியை அணைக்க அந்த அறிவெல்லாம் ஏன் ஒன்றுசேரவில்லை? ஏனென்றால் நுரை கீழே போகிறது. கீழே இருக்கிற விவசாயி கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் அறிவாளிகளே வேண்டாமா? அறிவும் அறமும் சேரவே சேராதா? சேரும். சாட்சி இந்த ஊரிலேயே இருக்கிறது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984 இல் தொடங்கியது டைட்டன். அதை வளர்த்தவர் ஜெர்க்ஸஸ் தேசாய், ஆக்ஸ்போர்டில் படித்த மேதை. கடிகாரம் செய்ய யாரை எடுத்தார்கள்? சிற்றூர்களிலும் கிராமங்களிலும் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். எண்ணத் தெரிந்தவர்கள், எண்ணியும் பார்த்தார்கள். கம்பெனி கெட்டுப் போனதா? வளர்ந்தது.

அதற்கும் முன்னால் போங்கள். இந்தக் கிருஷ்ணகிரி, 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டம். தகடூர் மண். அதியமான் மண். எட்டாத மலைப்பிளவில் இருந்த நெல்லிக்கனி. தின்றால் நெடுநாள் வாழலாம். அந்த ரகசியம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதை அவ்வைக்குக் கொடுத்தான். கொடுக்கும்போது அதன் பெருமையைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் வாங்கமாட்டாள். அடுத்தவர் வாழ்வதற்காக ரகசியத்தை மறைத்த தலைவன் அவன்! இன்றைய மேதைகளும் மறைக்கிறார்கள். போனில் ஐம்பது பக்கம் நிபந்தனை வருகிறதே, படித்துப் பார்த்தவர் யாராவது கை தூக்குங்கள் பார்ப்போம்! (சிரிப்பு) கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். நாமும் அழுத்திவிடுகிறோம். கனியைப் பறித்துக்கொண்டு போகிறவர் அவர். நம் கையில் கொட்டை!

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கையைக் கொண்டுபோகிறீர்கள். முடித்துவிடுகிறேன். கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று.

இதுவரை நான் அவர்கள், அவர்கள் என்று சொன்னேன். அந்தத் தலைவர்கள் ஆகாயத்திலிருந்தா குதித்தார்கள்? நம் வீட்டிலிருந்துதானே போகிறார்கள்! என் மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மாணவி வேலை பார்த்தது அல்ல, இது வேறு. அவள் போன் செய்த அந்த வாரக் கடைசியில் அவன் வந்தான். களியும் கீரைக்குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், 'அப்பா, ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். யாரு வேலைக்குத் தேவை, யாரு தேவையில்லைன்னு அதுவே வரிசை போட்டுரும்' என்று. பெருமையாகச் சொன்னான். நான் கேட்டேன், 'அந்த வரிசைல கீழ இருக்கறவங்க யாருப்பா?' 'தெரியாதுப்பா. ஐடி நம்பர் மட்டும்தான் வரும்' என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. என் மேல். அவன் சின்னப் பிள்ளையாகப் பள்ளியிலிருந்து வரும்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன? 'எத்தனை மார்க்?' இரண்டாவது கேள்வி? 'எத்தனாவது ரேங்க்?' பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அழுதானா, சாப்பிட்டானா என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கண்ணோட்டம் அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒப்பிக்க வைத்துப் பரிசு வாங்கித் தந்தேன். பரிசு எத்தனை என்று எண்ணினேன்! நானும் 58 ஐத் தாண்டி 59 க்குத் தாவியவன்தான் நடுவர் அவர்களே.

அடுத்த வாரம் வந்தான். தட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். 'அப்பா, நம்பருக்குப் பக்கத்துல பேரைப் போட்டுப் பாத்தேன். நாலாவது பேரு, எனக்கு வேலை கத்துக்கொடுத்தவரு' என்றான். அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்டேன். மேலே சொல்லிப் பார்த்திருக்கிறான். முடியவில்லை. அவர் வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் லிஸ்ட் வெளியாகிற அன்று காலையில், அவர் ஆபீசுக்குக் கிளம்பும் முன்னே, அவர் வீட்டுக்குப் போய் எதிரே உட்கார்ந்து, தான் எழுதிய புரோகிராம் என்பதையும் சேர்த்துத் தன் வாயால் சொல்லியிருக்கிறான். அவர் ஒன்றும் பேசவில்லையாம். காபி கொடுத்தாராம்.

பெரிய வெற்றி ஒன்றும் இல்லை இது. ஆனால் கதவு சொல்வதற்கு முன்னால் ஒரு மனிதன் சொன்னான். அந்த ஒரு காலை நேரத்தில் என் மகன் ஒரு தலைவனாக இருந்தான் என்று நான் நினைக்கிறேன். (கைதட்டல்)

வீட்டில் இருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, நாளைக்கு உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மார்க்கைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், 'பக்கத்துல உக்காந்திருக்கானே, அவன் இன்னிக்குச் சாப்பிட்டானா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியோடு வளர்கிற பிள்ளை டாவோஸ் மலை உச்சியில் போய் உட்கார்ந்தாலும், கீழே சூளகிரியில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

எண்ணத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறைய. எண்ணிப் பார்க்கிறவரே தலைவர். ஆகவே, தலைமைக்கு உயிர்நாடி அறவுணர்வே, அறவுணர்வே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)